எந்தப் பம்ப் திறம்?

தெல்லிப்பழை போகும் பஸ்ஸில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் ஏறி என் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் தெரிந்தவர்.

“மோட்டச்சைக்கிள் எங்கை அண்ணை?”

“கடை வாசல்லை நிக்குது. ரயருக்குக் காத்தடிக்கிற பம்ப் வாங்கப் போனனான். அடிச்சுப் பாக்கவெண்டு ரயரிலை இருந்த காத்தைத் திறந்து விட்டன். பாத்தால், பற்றறிப் பம்பிலை சார்ஜ் இல்லை.”

“காலாலை மிதிக்கிற பம்ப்?”

“மிதிச்ச உடனை பம்பின்ரை குழாய் வெடிச்சுப்போச்சு.”

“அப்ப ஒரு ரயர்தானே போனது?”

“ரெண்டும்! பம்புக்கு ஒரு ரயர் குடுத்தால்தானே எது திறம் எண்டு தெரியும்?”

பின் இருக்கைவரை எல்லாரும் சிரித்தோம்.

“கடைசியா எதை வாங்கினியள்?”

அவர் ஹெல்மெட்டை மெல்லக் கழற்றி மடியில் வைத்தார்.

“அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வாறன்.”