வலது கன்னம்

— அம்மா, எரியுது. கழுவிடறேன்.

— பொறுத்துக்கோட்டி ஜெயபாரதி. முடிய உதுக்கற தாளகமும் சுண்ணாம்பும்னா எரியத்தான் செய்யும். இடது பக்கம்தானே போட்டிருக்கேன். வலது கன்னம் அப்படியே கெடக்கு.

— மயிலாப்பூர் நாட்டுமருந்துக் கடைக்காரரே முகத்துக்கு வேணாம்னாராம். நீதானே வந்து சொன்னே.

— அவரையா நாலரைக்குப் பொண்ணு பாக்க வாராவ?

— முந்தாநாள் என் முழங்கையில வச்சுப் பார்த்தியே, அந்த இடத்தைப் பாரு.

— பாத்தேன். ஒரு முடி முளைக்கல. வேரோட கருகிருச்சு.

— முளைக்கிறதுக்கு அங்க தோல் இல்லம்மா. பக்கத்து வீட்டு சகினாக்கா நேத்தே கூப்பிட்டாங்க, நூல் வச்சு எடுத்திருக்கலாம்.

— ஆனி மாசம் எடுத்தாளே, மறந்துட்டியா? தாடையெல்லாம் தடிச்சு, ரெண்டு நாளு டைப்ரைட்டிங் கிளாசுக்கே போவல. அந்த மூஞ்சியோட சபையில நிப்பியாக்கும்.

— பாண்டி பஜார் பார்லர்ல மெழுகு வச்சு ஒரே இழுப்புல எடுக்கறாங்களாம்.

— நம்ம கடை ஆளு ஒருத்தன் பாத்தாப் போதும். பாத்திரக்கடை அய்யாதுரை மவளுக்கு மீசைன்னு ரங்கநாதன் தெரு பூரா தெரிஞ்சிரும்.

— அந்த லேடி டாக்டர் சொன்னதையாவது கேட்டிருக்கலாம்.

— மாசா மாசம் ஒழுங்கா வருதான்னு கேட்டு, ரத்தம் எடுக்கணும்னு சீட்டு எழுதினாளே, அதையா? கிழிச்சுப் போட்டாச்சு.

— அப்ப அப்பாவோட பிளேடைக் கொடு. ரெண்டு நிமிஷ வேலை.

— பிளேடு பேச்சே எடுக்காத.

— ஏன்?

— மாப்பிள்ளையோட அம்மா, அந்தக் கிண்டிக்காரம்மா, பூ வச்சுட்டு ஒன் ரெண்டு கன்னத்தையும் வழிச்சு நெட்டி முறிப்பா.

— முறிக்கட்டுமே. இப்ப வழிச்சா நாலரைக்கு வழவழன்னுதான் இருக்கும்.

— இருந்துச்சு. எங்க மாமியா கைக்கு அன்னைக்கு ஒண்ணும் தட்டுப்படல.

— யாரைச் சொல்றே?

— மஞ்சப் பொடி டப்பாவுக்குப் பின்னால ஒரு ரேசர் கெடக்குல்லா.

— அது அப்பாவோட பழசு.

— என்னுது. அவரு எந்திரிக்கதுக்கு முன்னால, இருபத்திரண்டு வருசமா.

— அப்பாவுக்குத் தெரியாதா?

— கல்யாணமாகி மூணாம் நாளே கையில குத்தித் தெரிஞ்சு போச்சு. வையல. ஒரு வார்த்த கேக்கல. என் கன்னத்துல வச்ச கைய எடுத்து வேட்டியில தொடச்சுக்கிட்டாரு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? ஒன்னையும் சேத்து மூணு பெத்தேன். அந்தக் கைய மட்டும் திரும்ப என் மூஞ்சிப் பக்கம் அவரு கொண்டுவரல.

— அம்மா...

— சரி, எரிஞ்சாக் கழுவிக்கோ. இந்தா தண்ணி.

— வேணாம். வலது பக்கமும் தடவு.