சேறு உலராத நாற்காலி

– ஏன் வாசல்லயே நிக்கறே, கசிமீரோ? உள்ள வா. உன் கல்யாணக் காகிதமெல்லாம் முடிஞ்சுது. ரெண்டாவது சாட்சியும் வந்து சொல்லிட்டுப் போயாச்சு.

– சாட்சியா? அம்மா, தோன்யா ரெமிஹியா, யாருங்க அது? நான் யாரையும் அனுப்பலையே.

– நீ அனுப்பாட்டி என்ன, அவனா வந்தான். காலைப் பூசை முடிஞ்சு கோயில் கதவைச் சாத்திட்டு இந்த ஆபீசுக்கு வர்றேன், அதோ அந்த நாற்காலியில உக்காந்திருக்கான். கசிமீரோவுக்குச் சாட்சி சொல்லணும்னான்.

– வேற கசிமீரோவா இருக்கும்.

– பதினாலு வருஷம் சதுர்நினாவோட குடித்தனம் நடத்தி, ரெண்டு பொண்ணையும் பெத்துட்டு, இப்பத்தான் கோயில் படி ஏறியிருக்கற மாப்பிள்ளை இந்தப் பங்குல எத்தனை பேரு? நீ ஒருத்தன்தான்.

– கிண்டல் பண்ணாதீங்க தோன்யா. திங்கக்கிழமை அவளுக்குக் குஸ்கோ ஆஸ்பத்திரியில ஆபரேஷன். கத்தி படறதுக்கு முன்னாடி ஆண்டவர் சந்நிதியில உன் பெண்டாட்டியா நிக்கணும்னு ராத்திரியெல்லாம் அழறா.

– தெரியும்டா மகனே. அதுக்காகத்தானே சாமியார் காலைப் பிடிச்சுச் சனிக்கிழமை பூசைக்கு நாள் வாங்கினேன். மூணு ஓலையும் பூசையில வாசிச்சு, யாராவது தடை சொல்றாங்களான்னு கேட்டாச்சு. முதல் சாட்சி நீ வேலை பாக்கற கொத்தனார். முன்னாடி வேற கல்யாணம் ஆகலைன்னு சொல்ல, உன்னை இளவட்டத்துலயே தெரிஞ்ச ஆளு இன்னொருத்தன் வேணும்னு சாமியார் ஒத்தைக்கால்ல நின்னாரு. அதுவும் ஆச்சு. சந்தோஷப்படுவியா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறியே?

– அந்த ஆளு கிடைக்க மாட்டான்னு சொல்லத்தான் இப்ப வந்தேன். மூணு வாரமா அலைஞ்சு பாத்துட்டேன். அந்த வயசுல என்னைத் தெரிஞ்சவங்க எல்லாரும் சாஞ்சாபாம்பாவுல மண்ணுக்கடியில இருக்காங்க. மலை சரிஞ்சு இறங்கி ஊரை மூடின அன்னிக்குத் தப்பிச்சது நான் ஒருத்தன்தான்.

– இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருந்தே. இன்னொருத்தனும் தப்பிச்சிருக்கான்.

– எப்படி இருந்தான்?

– ஒல்லியா. உங்க பக்கத்து ஆளுங்க நெய்வாங்களே, காப்பி நிறத்துல சிவப்புக் கோடு போட்ட போர்வை, அதைப் போத்தியிருந்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. நாற்காலிக்கடியில பாரு, ரெண்டு தரம் கூட்டியும் சேறு போகலை.

– ஆகஸ்ட் மாசம் தோன்யா. ரெண்டு மாசமா ஒரு பொட்டு மழை இல்லை.

– நானும் அதைத்தான் கேட்டேன். எங்க ஊர்ல எப்பவும் ஈரம்தாங்கன்னான். குளிருமேன்னு கோக்கா இலை போட்டுச் சுடுதண்ணி வச்சுக் குடுத்தேன். கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டே இருந்தான், குடிக்கலை. திருப்பி வாங்கறப்போ ஐஸ் மாதிரி இருந்துச்சு.

– வயசு?

– இருபது இருக்கும்.

– இருபது வயசுக்காரன் எப்படிங்க என்னை இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்னு சொல்ல முடியும்?

– அட, நான் என்ன முட்டாளா? கேட்டேன். எனக்கு வயசு ஏறலைங்கன்னு சிரிச்சான். பல்லிடுக்கெல்லாம் மண்ணு. குடுத்துவச்ச உடம்புன்னு நினைச்சுக்கிட்டேன். உன்னைப் பாரு, நாப்பத்தொண்ணுக்கே கிழவன்.

– அடையாள அட்டையாவது பாத்தீங்களா?

– என் மாதாவே! பெருவிரலையும் சுட்டுவிரலையும் சிலுவையாச் சேத்து, உதட்டுல வச்சு முத்திசெஞ்சு சத்தியம் பண்ணினவன்கிட்ட அட்டை கேக்கறதா? அப்படிக் கேட்டா அந்தச் சிலுவையையே நம்பலைன்னு ஆயிடாதா? முப்பது வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லை.

– என்ன சொன்னான்? எழுதினதை வாசிங்க.

– கேளு. ‘இந்த ஆளை எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாதவன். வாக்குத் தவறாதவன். மலை இறங்கின அன்னிக்கு நான் நெஞ்சுவரைக்கும் சேத்துல புதைஞ்சு கிடந்தேன். அடுத்த சரிவு வரும், ஓடிருடான்னேன். உன்னை விட்டுப் போக மாட்டேன்னான். உச்சிப்பொழுது வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பாதியில கையை விட்டுட்டதா நினைச்சு இன்னிக்கும் மனசு வெந்துக்கிட்டிருக்கான். அவன் விடலை. அவன் கை இருந்தப்பவே எனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. இதையும் எழுதிக்கங்க.’ வார்த்தை மாத்தாம எழுதியிருக்கேன். ஏய், என்ன ஆச்சு? உக்காரு.

– அந்த நாற்காலி வேண்டாம். இப்படித் தரையிலயே உக்காந்துக்கறேன். தோன்யா... அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. சதுர்நினாகிட்டகூட.

– எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னா, காலு முறிஞ்சுபோச்சு, மயக்கம் போட்டுட்டேன்னு சொல்றான்னுதான் நினைச்சேன். அப்படித்தானே? அப்படித்தான்னு சொல்லு மகனே.

– அவன் பேர் என்னன்னு சொன்னான்?

– அன்செல்மோ பூமா. கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் நீ அப்பம் கொண்டுவந்து பூசை வைக்கறியே, அந்தச் சிநேகிதன் பேருதான். அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு அன்செல்மோ இருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

– அன்செல்மோ பூமா நான்தாங்க.

– உளறாதே.

– சத்தியமா தோன்யா. நான் பட்டாளத்துலேருந்து ஓடி வந்தவன். அடி தாங்க முடியாம ஓடிவந்தேன். சாஞ்சாபாம்பாவுல கசிமீரோன்னு ஒருத்தன் என்னை மூணு மாசம் வீட்ல வச்சுச் சோறு போட்டான். ஊர்ப் பெரியவங்க யாருடா இவன்னு கேட்டப்போ, நம்ம ஆளு, இவனுக்கு நான் பொறுப்புன்னு எல்லார் முன்னாடியும் நெஞ்சைத் தட்டிச் சொன்னான். அவன்தான் அந்தச் சேத்துல கிடந்தது. சாயங்காலம் பிணம் எடுக்கப் பட்டாளத்து ஆளுங்களே வந்தாங்க. உன் பேர் என்னன்னாங்க. பயத்துல அவன் பேரைச் சொல்லிட்டேன். செத்தது யாருன்னாங்க. என் பேரைச் சொன்னேன்.

– அப்போ அங்க இருக்கற சிலுவையில...

– அன்செல்மோ பூமான்னு எழுதியிருக்கு. அதுக்கடியில கசிமீரோ கிடக்கான்.

– என் மாதாவே, என் மாதாவே. நான் செத்தவன்கிட்ட சாட்சி வாங்கியிருக்கேன். அந்தக் கூஜாவுல இருக்கற தண்ணியை இப்படிக் குடு.

– மெதுவாக் குடிங்க.

– அடப்பாவி! இந்தப் பேரை வச்சுக்கிட்டா ஊர்ப் பிள்ளைங்க மூணு பேருக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னே? இந்தப் பேரையா நான் மூணு ஞாயித்துக்கிழமை ஓலையில வாசிக்கக் குடுத்தேன்? ஆமான்னா ஆமாம், இல்லைன்னா இல்லைன்னு இருங்கன்னு ஆண்டவர் சொன்னது உன் காதுல விழவே இல்லையா?

– விழுந்துச்சுங்க. ஒவ்வொரு தரமும் விழுந்துச்சு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு வருஷம் ஓடிருச்சு.

– சரி, இப்ப என்ன பண்ணலாம்கறே? அந்த மகராசன் தன் பேரா உன் பேரைச் சொல்லி, உன்னைக் காட்டிக்குடுக்காமப் போயிருக்கான். நானும் வாயை மூடிக்கிட்டா சனிக்கிழமை உன் கல்யாணம் நடக்கும். சதுர்நினா நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போவா. கேக்கக் கூடாததை நான் கேக்கலை, அவ்வளவுதான்.

– அதுதான் தோன்யா என்னைக் கொல்லுது. செத்தும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கான் பாருங்க. அவன் சிலுவையில நான் போட்ட பேரையே சொல்லியிருக்கான். இத்தனை வருஷம் ஊரே ஜெபம் பண்ணுச்சு, அதுல ஒண்ணுகூட அவன் பேர்ல இல்லை. பேனாவை எடுங்க. அவனுக்கு நான் சாட்சி சொல்றேன்.

– நல்லா யோசிச்சுக்கோ. இதை எழுதிட்டா உன் காகிதம் அத்தனையும் குப்பை. புதுப் பேருக்குப் பிஷப்கிட்டேருந்து கடுதாசி வரணும், மறுபடி மூணு ஓலை, மறுபடி ரெண்டு சாட்சி. மாசக்கணக்காகும். சதுர்நினாவுக்கு என்ன பதில் சொல்லுவே?

– இருக்கறதைச் சொல்லுவேன். அடிச்சா வாங்கிக்கறேன். பொய்ப் பேர்ல கல்யாண மோதிரத்தை... அவளுக்கு அதைப் போட மாட்டேன் தோன்யா. எழுதுங்க.

– சிலுவை பிடி. விரலை நேரா வை. முத்திசெய். ம், சொல்லு.

– சாஞ்சாபாம்பாவுல அன்செல்மோங்கற பேர்ல புதைச்சிருக்கறது கசிமீரோ சோக்கே. ரூஃபினாவோட மகன். யாருன்னே தெரியாத எனக்குப் பொறுப்பேத்துக்கிட்டவன். அவன் யாருங்கறதுக்கு நான் பொறுப்பு. போதுமா?

– போதும். இங்க கையெழுத்துப் போடு. உன் சொந்தப் பேரு.

– எழுத்து கோணுது. மறந்தே போச்சுங்க.

– கோணினா பரவாயில்லை. கண்ணைத் துடை. நானும் துடைச்சுக்கறேன்... அன்செல்மோ. சொல்லிப் பாத்தேன். உனக்கு இதுதான் பொருத்தமா இருக்கு.

– நான் கிளம்பறேன். அவ சாப்பிடாம உக்காந்திருப்பா. ஆனா ஒண்ணு தோன்யா, இத்தனை வருஷம் வராதவன் இன்னிக்கு ஏன் வந்தான்? உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?

– சொன்னான்... என் மாதாவே, அது இப்பத்தான் உறைக்குது! அன்செல்மோ, ஓடு. ஓடிப்போய்ச் சதுர்நினாவைக் கூட்டிட்டு வா. நடக்க முடியலைன்னா தூக்கிட்டு வா. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. நான் சாமியாரைச் சாப்பாட்டுலேருந்து எழுப்பறேன்.

– எதுக்குங்க?

– கல்யாணத்துக்கு. இன்னிக்கே. இப்பவே.

– பிஷப் கடுதாசி?

– கிடக்கட்டும். ஓலையும் கிடக்கட்டும். சாட்சி நான் சொல்றேன். பதினெட்டு வருஷமா உன்னைப் பாக்கறேன், முப்பது வருஷத்துல நான் ஒருத்தருக்கும் சொல்லாத சாட்சியை உனக்குச் சொல்றேன், சாமியார் என்னை வேலையை விட்டுத் தொரத்தினாலும் சரி. போடா!

– இப்பத்தானே மாசக்கணக்காகும்னீங்க? திடீர்னு என்ன அவசரம்? அவன் என்ன சொன்னான், அதைச் சொல்லுங்க.

– இன்னும் கொஞ்ச நேரம் உக்காருப்பான்னு சொன்னேன். நேரமில்லைங்கன்னு எழுந்தான். ‘திங்கக்கிழமை உங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தி எங்க ஊருக்கு வர்றா. அங்க அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. நம்ம ஆளு, இவளுக்கு நான் பொறுப்புன்னு யாராவது சொல்லணுமில்ல? அதான் அவ எப்படிப்பட்டவள்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்’னான்.