எட்டு நாற்பதுக்கு ரூட்டில் ஓட்டியது நான்

என் பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி. வயது ஐம்பத்து நான்கு. குழாய், பாத்ரூம் சாமான் மொத்த வியாபாரம். சைக்கிளில் குழாய் கட்டி விற்று ஆரம்பித்த கடை. இன்று கவுண்டரில் மட்டும் ஏழு கம்ப்யூட்டர். என் தம்பி என்னோடு சேர்ந்து நடத்துகிறான்.

வேலை நேரத்தில் ஆட்கள் படம் பார்ப்பதால், கம்பெனி தளங்கள் மட்டும் திறக்கும்படி ஒரு ப்ராக்ஸி சர்வர் போடச் சொன்னேன். ஏழு கம்ப்யூட்டரின் இணையமும் அந்த ஒரு லினக்ஸ் மெஷின் வழியாகத்தான் போகும். கம்ப்யூட்டர்காரர் முந்தின நாள் எல்லாம் போட்டு முடித்து, காலையில் வந்து ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள கணக்கு என்று சொல்லி அதன் பாஸ்வேர்டைக் கொடுத்தார். "அதுல மட்டும் எதையும் ஓட்டிடாதீங்க சார்" என்றார். என் கடையில் நான் தொடக்கூடாதது ஒன்று இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று காலை எட்டு நாற்பதுக்கு ரூட்டில் நுழைந்து ப்ராக்ஸியை நானே ஓட்டினேன். ஓடியது. நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு பத்து மணிக்கு அவர் வந்து முறைப்படி ஓட்டியபோது சில நொடியில் நின்றுபோனது. மறுபடி ஓட்டினார், மறுபடி நின்றது. "சார், ரூட்ல ஏதும் ஓட்டினீங்களா?" என்று கேட்டார். கவுண்டர் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் தொடவே இல்லப்பா" என்றேன். என்னை நம்பி இரண்டு மணி நேரம் வேறு எங்கெங்கோ தேடினார். மெஷினை இரண்டு தடவை கழற்றி மாட்டினார். பில் போட முடியாததால் வாசலில் வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். தம்பிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அதன் பிறகு அவர் திரையைத் திருப்பிக் காட்டி, "ப்ராக்ஸி தன் வேலையைக் குறிச்சு வைக்கற லாக் ஃபைல் ரூட் பேர்ல உருவாகியிருக்கு சார், காலைல எட்டு நாற்பதுக்கு. ப்ராக்ஸி தனக்குன்னு இருக்கற தனிக் கணக்குல ஓடுறப்போ ரூட்டோட ஃபைல்ல எழுத முடியல, அதான் செத்துப்போகுது" என்றார்.

"எங்கண்ணன் பொய் சொல்றாருங்கறியா?" என்றான் தம்பி.

"நான் சொல்லல சார், மெஷின் சொல்லுது."

தம்பி அறைந்தான். உதடு கிழிந்தது. அவர் விசைப்பலகையைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "சார், நீங்க சொல்லுங்க சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி மேசை மேலிருந்த பதினெட்டு அங்குல பைப் ரெஞ்சை எடுத்து அவர் வலது மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் கவுண்டர் வரை கேட்டது. விசைகள் தெறித்தன. இரண்டாவது அடி காதுக்கு மேல். நாற்காலியோடு சாய்ந்தார். மூன்றாவது அடிக்கு நான் குறுக்கே விழுந்தேன். அது என் முழங்கையில் பட்டது. அதற்கு எனக்குப் புகார் இல்லை.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வரும் முன் தம்பி, "அவன்தான் முதல்ல ரெஞ்சை எடுத்தான்னு சொல்லுண்ணே, நீ சொன்னா எடுபடும்" என்றான். இங்கே ஸ்டேஷனில் தன் புகாரிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான். கம்ப்யூட்டர்காரருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவரால் மறுக்க முடியாது. அவர் ரெஞ்சைத் தொடவில்லை. கையையும் ஓங்கவில்லை. அவர் கேட்ட உடனே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. என் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் கேட்டிருக்கும்.

(கையொப்பம்)