ஏழாம் நம்பர் கூழக்கடா

இன்னா பாய் படம் கழுவுற லட்சணம் இது? கண்ணாடிய மாட்டிகினு நல்லா பாரு. எம் மவன் கஸ்பாருக்கு தாடைக்குக் கீழ இன்னா தொங்குது? பை! கூழக்கடாவோட பை! மூக்கு எங்க முடியுது, அலகு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. தோள்ல ஒரு றெக்கை வேற. பெத்தவ நானே பாத்துட்டு, மாதாவே, இது யாரு பெத்த புள்ளைன்னு கேட்டுட்டேன். சொம்மா சிரிக்காத பாய். அவன் பினாங்குக்கு கப்பல் ஏறி மாசம் ஒன்னாச்சு. மூணு வருசம் அக்ரிமெண்டு. மறுக்கா நிக்க வெச்சி எடுக்கலாம்னா கொல்லைலயா கீறான்?

இரு இரு, நீ ஒன்னியும் பேசாத. நான் சொல்லி முடிச்சிக்கிறேன். எண்ணூர்லருந்து ரயிலேறி வந்துகீறேன், மூச்சு வாங்குது. ஏன், ராயபுரத்துல வேற ஸ்டுடியோவே இல்லியா? எங்காளுக்கு மதார் சாகிப் பாய் கழுவுனா தான் கழுவுனதாம். அதோ, எதுத்தாப்ல டீக்கடை பெஞ்சில குந்திகினு கீறாரே, அவரு தான். அருள்நாதன். எண்ணூர்ல ரயில்வே கேட்டு பாக்குறவரு. உள்ள வாய்யான்னா வர மாட்டேன்றாரு. பாய் மூஞ்சில எப்டி முழிக்கிறதுன்றாரு. அவருக்கு இன்னாத்துக்கு வெக்கம்? கழுவுனது நீ, வெக்கப்பட வேண்டியதும் நீ.

எல்லாத்துக்கும் அந்த தொர தான் காரணம். சட்டைக்கார தொர ஒருத்தரு, ஆங்கிலோ இந்தியன், இஞ்சின் டிரைவரு. நம்ம கேட்டாண்ட வரும்போதெல்லாம் கைய காட்டிகினே போவாரு. சொதந்தரம் வந்த மறுவருசம் மூட்டைய கட்டிகினு சீமைக்குப் போறப்போ, "அருள், இத்த நீ வெச்சிக்கோ"ன்னு பொட்டி கேமராவ குடுத்துட்டு பூட்டாரு. ஒரு கோட்டு குடுத்திருக்கலாம். ஒரு நாற்காலி குடுத்திருக்கலாம். குடுத்தாரு பாரு பொட்டி! அன்னிக்கு புடிச்சிது வூட்டுல பேஜாரு.

மனுசன் மனுசன படம் புடிச்சா ஒத்துக்கலாம். இவரு ஒரு ரயிலுக்கும் மறு ரயிலுக்கும் நடுவுல பட்சிய படம் புடிக்க கழிமொகத்துக்கு ஓடுறாரு. சேத்துல படுத்துகினு மேல சாக்க போத்திக்கிறாரு. ஒரு தபா வலை இழுக்குறவங்க, பொணம் ஒதுங்கிகீதுன்னு கும்பலா ஓடியாந்துட்டாங்க. சரி, இம்மாம் பாடுபட்டு இன்னா படம் வருது? உனக்குத் தெரியாதா, நீ தான கழுவுற! தந்திக் கம்பி வரும், மீன்கொத்தி வராது. தண்ணி வரும், உள்ளான் வராது. ஒரு தபா முழு ரோலும் அடப்பங்கொடி பூவு. மணல் பூரா படர்ந்து கெடக்குமே, ஆடு கூட மோந்து பாக்காது, அத்த எட்டு படம்! "இந்தா வியாகுலம், இது ஊதா கலரு, காலைல மட்டும் தான் முழுசா விரியும்"னு என்னாண்ட சொல்றாரு. படத்துல எல்லாம் கறுப்பா தானய்யா கீது, ஊதாவ நான் எங்க போயி தேடுறதுன்னேன். ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிகினாரு.

கூழக்கடா கத அதுக்கு மேல. ரெண்டு மழைக்காலமா அது பின்னாடியே அலைஞ்சாரு. கிட்ட போனா எந்திரிச்சு பூடும். கொழம்புக்குன்னு நான் வாங்கி வெச்ச மடவை மீன எடுத்துகினு போயி தெனம் அதுக்கு வெச்சாரு பாய். நாங்க ரசம் ஊத்தி தின்னோம், அது மடவை தின்னுச்சு. கடைசில ஒரு நாளு பத்தடி தூரத்துல வந்து நின்னுச்சாம். வாயத் தொறந்து பைய காட்டுச்சாம். ஏழாம் நம்பர் படத்துல அத்த புடிச்சிட்டு வூட்டுக்கு வந்தாரு பாரு, சேறு சொட்ட சொட்ட, கலீஜா... கல்யாணத்தன்னிக்கு கூட அந்த மூஞ்சில அம்மாம் சிரிப்ப நான் பாக்கல.

அன்னிக்குத் தான் எம் புள்ள கெளம்புறான். ரோலுல மொத்தமே எட்டு படம். எட்டாம் நம்பரு கஸ்பாருக்குன்னு ஒரு மாசமா சொல்லிகினு இருந்தாரு. சொன்ன மாரியே பத்திரமா வெச்சிருந்தாரு, அத்த சொல்லணும். குளிச்சிட்டு வந்தாரு, புள்ளைய நிக்க வெச்சாரு, புடிச்சாரு. உடனே கேட்டு மணி அடிச்சிடுச்சு. கேட்டு மணின்னா, முந்தின ஸ்டேசன உட்டு வண்டி கெளம்பிடுச்சுன்னு அர்த்தம். பொட்டிய என் கைல போட்டுட்டு அவரு கேட்ட மூட ஓடுனாரு. அதே வண்டிய புடிக்கணும்னு புள்ள ஸ்டேசனுக்கு ஓடுனான். ஒரு முத்தம் கூட ஒழுங்கா குடுக்கல நானு.

இப்போ படம் வந்து பத்து நாளாச்சு. பொட்டி பரண் மேல கெடக்குது. "ஏழு புடிச்சப்பறம் பிலிம அடுத்த படத்துக்கு திருகாம உட்டுட்டேன் வியாகுலம், ஒன்னு மேல ஒன்னு ஏறிடுச்சு. பட்சி பைத்தியத்துல பெத்த புள்ள மூஞ்சிய கெடுத்துட்டேன். இனிமே அத்த தொட மாட்டேன்"ன்றாரு. மடவைக் கொழம்பு வெச்சேன் பாய், கைய நனைக்கல. அங்க பாரு, டீக்கடை கூரைக்கு மேல பருந்து வட்டம் போடுது. தலைய தூக்குறாரா? தரைய பாத்துகினு கீறாரு.

இன்னாது, பிலிம வெளிச்சத்துல தூக்கி தூக்கி பாக்குற? ஏழாவதுலயே கூழக்கடாவும் அவனும் கீறாங்களா? எட்டாவது காலியா கீதா? இப்போ அத்த எதுக்கு நோண்டுற? உன் மருந்துல ஏதாச்சும் ஒட்டிகினு இருக்கும்... திருகாம புடிச்சா தான் இப்டி வருமா? யாரு திருகலன்னு கேக்குறியா? ஏன் பாய், நீ படம் கழுவுறவரா, போலீசுக்காரரா?

...சரி. கதவ லேசா சாத்து. நாந்தான்.

அவரு குளிக்கப் போறப்போ பொட்டிய என் கைல தான் குடுத்தாரு. "பின்னாடி செவப்பு ஜன்னல்ல எட்டு தெரியுற வரைக்கும் திருகி வை"ன்னு சொல்லி தான் குடுத்தாரு. திருக கைய வெச்சேன், சத்தியமா வெச்சேன். அப்போ பாத்து ஒரு யோசனை வந்துச்சு. சண்டைக் காலத்துல ரேசன் கியூல நின்னு புள்ள வளத்தவ பாய் நானு. போஸ்டு கார்டு எழுதுனா விலாசத்தச் சுத்தி கூட எழுதுவேன், ஓரத்துல நெட்டாவும் எழுதுவேன், துளி எடம் உட மாட்டேன். கூழக்கடா ஓரமா நின்னுச்சுன்னு அவரு தான் சொன்னாரு. பாக்கி எல்லாம் வானம். அம்மாம் வானம் சொம்மா கெடக்குதே, திருகாம உட்டு புள்ளைய அதுலயே நிக்க வெச்சா இன்னா? எட்டாம் நம்பரு மிச்சமாவும். அதுல... சிரிக்காத பாய்... அதுல நானும் அவனும் சேந்து நிக்கலாம்னு பாத்தேன்.

அவனுக்கு மீசை மொளச்சப்பறம் நானும் அவனும் சேந்தாப்ல ஒரு படம் கெடையாது. கேட்டா, கெழவிக்கு ஆசைய பாருன்னு ரெண்டு பேரும் சிரிப்பாங்க. அதான் மிச்சம் புடிச்சிட்டு, இன்னும் ஒன்னு கீதுய்யான்னு சொல்லலாம்னு இருந்தேன். ஓரமா நில்லு நைனா, இன்னும் ஓரமான்னு புள்ளைய தள்ளிகினே இருந்தேன். இவரு தான் நடுவுல வந்து நில்லுடான்னாரு. படம் புடிச்சதும் சொல்ல வாயத் தொறந்தேன், மணி அடிச்சிடுச்சு. அந்த எட்டாவதுல நானும் இல்ல, அவனும் இல்ல.

அதோட உட்டனா? படம் வந்த அன்னிக்கு, "உன்ன திருக சொன்னனா வியாகுலம்?"னு கேட்டாரு. அப்பவே சொல்லியிருக்கலாம். நீ எங்கய்யா சொன்னேன்னுட்டேன். நம்பிட்டாரு பாய்! அப்டியே நம்பிட்டாரு. பாவசங்கீர்த்தனத்துல சாமியாராண்ட கூட இத்த நான் சொல்லல.

உன்ன திட்ட வரல பாய். திட்டுனேன், தப்பு தான். நீ அவராண்ட ஒரே ஒரு வார்த்த சொல்லு. மருந்துல தப்பாயிடுச்சு அருள்நாதா, உம்மேல குத்தமில்லன்னு சொல்லு. அவரு உன்ன ஒன்னியும் கேக்க மாட்டாரு. பரண்லருந்து பொட்டிய எறக்குவாரு, எனக்கு அது போதும். இன்னா தலைய ஆட்டுற? தொழில் பேரு கெட்டுடுமா? கெடட்டும் பாய், ஒரு நாளைக்கு கெட்டா இன்னா!

ஐயோ, எந்திரிச்சிட்டாரு. இங்க தான் வராரு. என் தொண்ட டீக்கடை வரைக்கும் கேட்டுகீது போல. பாய், சொல்லிடு பாய், உன்ன கையெடுத்து கும்பிடுறேன்...

வாய்யா. பாய் இன்னாமோ சொல்றாரு கேளு. மருந்துல... இல்ல. அவரு ஒன்னியும் சொல்லல. அவர இன்னாத்துக்கு பாக்குற, என்னப் பாரு. பொட்டிய திருகாதது நாந்தான். நீ சொல்லி தான் குடுத்தே. எட்டாம் நம்பர மிச்சம் புடிச்சி புள்ளையோட நிக்கணும்னு ஆசைப்பட்டேன்யா. திட்டு. பாய் முன்னாடியே திட்டு.

...இன்னாது?

கேட்டியா பாய், இந்தாளு கேக்குறத? நான் திட்டு வாங்க நின்னுகினு கீறேன், இவரு, "அப்போ எட்டாவது காலியாவா இருந்துச்சு? அன்னிக்கு சாயந்தரம் கூழக்கடா கூட்டமா பறந்துச்சே, புடிச்சிருப்பனே"ன்றாரு! உருப்படுவியாய்யா நீ! தோ, வாசலுக்கு வேற பூட்டாரு. பாரு, பாரு, தலைய தூக்கிகினு பருந்த பாக்குறாரு.

அந்தப் படத்த இப்டி குடு. பையோட இருந்தா இருக்கட்டும், மாதா படத்தாண்ட மாட்டிக்கிறேன். கண்ணு ரெண்டும் எம் புள்ள கண்ணு தான். அப்டியே ஒரு புது ரோலு எடு பாய். எட்டையும் அவரே திருகட்டும்.