இரண்டு மகரந்தம், ஒரு செடி

தும்மிக்கொண்டே இருக்கிறீர்களே, அந்த ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். இந்த மாதம் காற்றெல்லாம் மகரந்தம்தான். அந்தத் தூளை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

அச்சில் வார்த்தது போல இருக்கும் இரண்டு செடிகளைக்கூட மகரந்தம் காட்டிக்கொடுத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றின் மேல் முள் இருக்கும், இன்னொன்றின் மேல் வலை பின்னியிருக்கும். ஆற்றோரத்து நீலப்பூ ஒன்றை அப்படித்தான் இரண்டு இனமாகப் பிரித்தேன். பாடப்புத்தகத்தில் ஏறியது. அந்தப் பூவைச் சொன்னால் என்னைச் சொல்வார்கள்.

என் தங்கையின் கணவரும் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடம்தான். அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பூத்திருந்த இரண்டு தொட்டிகளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. ஒரே காயோட விதையைத்தான் போட்டேன். ஒண்ணுல முள்ளு வருது, ஒண்ணுல வலை வருது. இது ரெண்டு இனமே இல்ல. இதோட மகரந்தம் அதுல விழுந்தாத்தான் காயே பிடிக்குது."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா, மாப்ள?"

"உங்ககிட்ட சொல்லாமலா?"

நல்ல மனிதர். அந்தப் பதில்தான் அவருக்கு வினையாக முடிந்தது.

நான் கத்தவில்லை. "எங்க, காட்டுங்க" என்றேன். குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். பக்கத்தில் பழைய நுண்ணோக்கி ஒன்று சும்மா கிடந்தது, அடிப்பாகம் வார்ப்பிரும்பு. அதைத் தூக்கி அவர் பிடரியில் இறக்கினேன். முகம் மேசையில் மோதி மூக்கு உடைந்தது. சரிந்து விழுந்தவர் என் காலைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்... தண்ணி" என்றார். என் கால்சட்டையெல்லாம் ரத்தம். இன்னும் பலமாக அடித்தேன். மண்டை உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. என் காலைப் பிடித்த பிடியை மட்டும் அவர் விடவில்லை.

மகரந்தத்தைச் சுத்தம் செய்ய அமிலத்தில் போடுவோம். உள்ளே இருப்பதெல்லாம் கரைந்துவிடும், வெளிச்சுவர் மட்டும் நிற்கும். அந்தப் புட்டியை அவர் முகத்தில் கவிழ்த்தேன். விபத்து போலத் தெரிய வேண்டுமல்லவா? மனிதத் தோலுக்கு அந்த உறுதி கிடையாது. அப்போதுதான் விரல்கள் தளர்ந்தன. அதற்குப் பிறகு கூச்சல் போட்டு ஆள் கூப்பிட்டேன்.

அவர் சொன்னது சரிதான். எனக்கு முன்பே தெரியும். நானும் விதை போட்டுப் பார்த்தவன்தான். பூத்ததும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டேன். அவருக்கும் அப்படிச் செய்யத் தோன்றியிருந்தால் இன்று வீட்டில் இருந்திருப்பார்.

"முகத்தை ஒரு தடவை காட்டுண்ணே" என்று தங்கை கதறினாள். "வேண்டாம்மா, உன்னால தாங்க முடியாது" என்று அவளை இறுக அணைத்துக்கொண்டேன். பாவம், அவளுக்கு இனி என்னை விட்டால் நாதியில்லை. அதனால்தான் கேட்கிறேன்: இந்த வாக்குமூலத்தில் கையெழுத்தைப் போட்டதும் நான் வீட்டுக்குப் போகலாம்தானே?