கோர்டியின் கைவேலை

பிளாஸ்டிக் கருகும் நாற்றம் திரைச்சீலையில் ஏறிவிட்டால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. அதனால் நான் கராஜ் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் வேலையில் உட்காருவேன். கோர்டி ப்ரூயிட் சமையலறையில் உட்கார்ந்து செய்து பார்த்தவன். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் லைல் ஹோஸ்டெட்லர். முப்பத்தொரு வருடம் இந்த ஊருக்குப் பல் செட் செய்து கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு, கைத்துப்பாக்கியின் பிளாஸ்டிக் கைப்பிடியில் சொரசொரப்பு ஏற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன். கூரான சால்டரிங் அயர்னால் புள்ளி புள்ளியாகத் தொட்டு எடுக்க வேண்டும். பிறகு வியர்த்த கையிலும் வழுக்காது. கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை, கொஞ்சம் தயங்கினால் கொப்புளம். எங்கள் துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் பத்து நிமிட வீடியோ பார்த்துவிட்டுத் தாங்களே செய்துகொள்வார்கள். நாய் கடித்துத் துப்பியது போன்ற அவற்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குக் கூச்சமில்லாமல் வருவார்கள்.

கோர்டியுடையது அவற்றிலும் கேவலம். மார்ச் மாதம் அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"லைல், கொஞ்சம் சொதப்பிட்டேன்பா. சரி பண்ணிக் குடு. பசங்ககிட்ட மூச்சு விட்றாத, ஓட்டியே கொன்னுருவானுங்க."

பதினொரு மணி நேரம் ஆனது. கடுகு அளவுப் புள்ளிகள், ஒன்றை ஒன்று தொடாமல். நன்றிக்கு ஆறு டின் பியர் கொடுத்தான். அதிலும் ஒன்றை அவனே குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் அந்தத் துப்பாக்கி கைக்குக் கை மாறியது. யார் செய்தது என்று கேட்டார்கள். "நான்தான். டிவில கூடைப்பந்து பாத்துக்கிட்டே குத்துனேன்" என்றான் கோர்டி, என் எதிரிலேயே. என்னைப் பார்த்துக் கண் வேறு அடித்தான். நானும் சிரித்துவைத்தேன். கோபமெல்லாம் இல்லை. என் கோபத்துக்கு ஆளாகவும் ஒருவனுக்குத் தகுதி வேண்டாமா?

ஏப்ரல் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம், என்னைத் தன் கராஜுக்குக் கூப்பிட்டான். அவன் மனைவி நோரீன் சர்ச்சில் பழைய துணி விற்பனைக்குப் போயிருந்தாள். மேசை மேல் சங்கத்து ஆட்களின் துப்பாக்கிகள் நான்கு கிடந்தன.

"எல்லாவனும் என்கிட்ட வந்து நிக்கிறான், என்ன பண்ணச் சொல்ற? நீ கமுக்கமா செஞ்சு குடுத்துரு. உனக்கும் பொழுது போகும்ல?"

அதுவரை என் மனதில் எதுவும் இல்லை. கையுறையை வழியிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அது தொழில் பழக்கம். நான் செய்துகொடுத்த துப்பாக்கி பக்கத்திலேயே இருந்தது. தோட்டா நிரப்பியே போட்டுவைப்பான், அவ்வளவு அசட்டை. கையில் எடுத்தேன். பிடிப்பு அருமையாக இருந்தது. அவன் நெஞ்சில் ஒரு முறை சுட்டேன், அவ்வளவுதான்.

பிறகு தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, குழலில் ஏறியிருந்த அடுத்த தோட்டாவையும் எடுத்துவிட்டு, சால்டரிங் அயர்னைச் சூடாக்கித் துப்பாக்கியோடு அவன் கைக்கருகே வைத்தேன். மேகசினைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் இருக்கும் ஒற்றைத் தோட்டாவை மறந்து கைப்பிடி வேலையில் உட்காருவது இவர்களுக்குப் புதிதல்ல. நீங்களே வந்தீர்கள், டிடெக்டிவ் டஃபோயா. அரை மணி நேரத்தில் விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். கோர்டி கைப்பிடி வேலை செய்கிறவன் என்று ஊரே சொன்னதே. அவன் பொய்தான் என்னைக் காப்பாற்றியது. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, உங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

துக்க வீட்டில் நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "லைலோட கை மாதிரி எனக்கு ஒரு கை இருந்தா போதும்னு சொல்லிட்டே இருப்பாரு." செத்தவன் சொன்னதாக என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நான்கு மாதம் நன்றாகத் தூங்கினேன். போன ஞாயிறு சங்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். உள்ளே, நீங்கள் நோரீனிடம் திருப்பிக் கொடுத்த அந்தத் துப்பாக்கி. பக்கத்தில் நோரீன் தன் கையால் எழுதிய அட்டை: 'கோர்டியின் கைவேலை.' வருடாவருடம் சிறந்த கைப்பிடிக்கு அவன் பெயரில் பரிசாம். நடுவராக இருக்கச் சொல்லி என்னையே கேட்டார்கள்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. மனசாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது. அதுதான் நானாகவே நடந்து வந்து உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

நம்பிக்கையில்லை என்றால் பெட்டியைத் திறந்து, கைப்பிடியின் இடப்பக்கம், கீழ்வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மூன்றாவது புள்ளி இருக்காது. வேண்டுமென்றே விட்டது. நான் செய்த ஒவ்வொரு பல் செட்டிலும் கீழே அதே மாதிரி ஒரு குறி உண்டு. உங்கள் ஷெரிஃபை வாயைத் திறக்கச் சொன்னால் தெரியும்.

நோரீனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். பாவம், நல்ல பெண். பெட்டிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. அந்த அட்டையை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.