ஏழாவது படத்தின் கை

டீ ஆறிவிட்டதென்று கவலைப்படாதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ஆடுகிறவர்கள் எதையும் சூடாகக் குடித்துப் பழகியதில்லை. வாயருகே கொண்டுபோகும்போதுதான் யாராவது வந்து ‘அடுத்தது நீங்க’ என்பார்கள்.

என் வக்கீல், ‘அளவு தவறிப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்’ என்கிறார். நல்ல மனிதர். ஆனால் நான் இருபத்தோரு வருடமாக ஆடுகிறேன். என் கை தவறாது. அந்தப் பழியை மட்டும் ஏற்க மாட்டேன்.

ஓர் ஓவியர் தாயும் பிள்ளையுமாக ஏழு படங்கள் வரைந்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஆட்டம். ஆடி முடித்ததும் படத்தில் இருப்பதுபோலவே அசையாமல் நிற்க வேண்டும். இந்த வாய்ப்பு முதலில் எனக்குத்தான் வந்தது. அப்போது வயிற்றில் எட்டு மாதம். எனக்குப் பதிலாக என் மாணவி ஆடினாள். கல்யாணமே ஆகாத பெண், தாய்மையை உருகி உருகி ஆடினாளாம். மேடைக்கு விளக்குப் போடுவது என் வீட்டுக்காரர். எனக்குப் போடும் அதே மஞ்சள் விளக்கை அவளுக்கும் போட்டார். கேட்டதற்கு, ‘விளக்குக்கு ஆள் தெரியுமா?’ என்றார். வயிறு எரிந்தது, மேடம். இன்றைக்கும் எரிகிறது.

பிள்ளை பிறந்த ஐந்தாம் மாதம் மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஆறு படங்களுக்குப் பொம்மையே போதும், சிக்கல் இல்லை. ஏழாவதில் பிள்ளை தாயின் தோளில் தூங்குகிறது. அதன் வலது கை அவள் முதுகுப்பக்கம் தொங்குகிறது. அவ்வளவுதான் படம். ஒத்திகையில் பொம்மையை வைத்துச் செய்தேன். ஓவியர் பார்த்துவிட்டு, ‘கை விறைச்சுக்கிட்டு நிக்குதேம்மா. அது தொங்கினாத்தான் தாயோட தோள்’ என்றார். நியாயமான பேச்சு. மாணவி ஆடியபோதும் பொம்மைதான். என்னிடம் பிள்ளை இருந்தது, அவளிடம் இல்லை.

எங்கள் பிள்ளையை உருண்டை என்றுதான் கூப்பிடுவோம். தூக்கினால் இடுப்பு இற்றுப்போகும், அப்படி ஒரு கனம். ஒத்திகையில் தூங்கவைத்துத் தோளில் போட்டுக்கொண்டால், மேளம் ஒலித்ததுமே முழித்துக்கொண்டு என் காதைப் பிடித்து இழுப்பான். மேளக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். ‘உங்க பையன் தாளம் தப்பாம இழுக்கிறான்’ என்பார். வீட்டுக்காரர், ‘பாவம், விடேன். யாரு கையைப் பாக்கப் போறா?’ என்றார். பத்து வருடம் என்னை விளக்கில் பார்த்தவர் கேட்கிற கேள்வியா அது?

சளிக்கு டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருந்தார். ‘இதுல தூக்கம் வரும். சொன்னதுக்கு மேல ஒரு சொட்டுகூடக் கூடாது’ என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் காதில் நன்றாகவே விழுந்தது. எழுதிக்கொள்ளுங்கள். மாலைக் காட்சிக்கு முன், ஒப்பனை அறையில், சொன்ன அளவைக் கொடுத்தேன். உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தான். மறுபடி கொடுத்தேன். கண் சொக்கும்வரை, விட்டு விட்டு, கொடுத்தேன்.

ஆறு படங்கள் முடியும்வரை ஒப்பனைக்கார அக்காவின் மடியில் கிடந்தான். ‘தங்கமா தூங்குறான்’ என்று என் தோளில் போட்டாள்.

ஏழாவதில் அறுபத்து நான்கு எண்ணும்வரை நிற்க வேண்டும். கை தொங்கியது. படத்தில் இருப்பதைவிட நன்றாகத் தொங்கியது. அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. இருபது எண்ணும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு இப்போது படவில்லை.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. மேடையில் உடை அவிழ்ந்தாலோ கால் சுளுக்கினாலோ, இடது காலை ஓரடி பின்னுக்கு இழுப்பேன். அவர் உடனே விளக்கை அணைத்துவிடுவார். அன்றும் அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு டாக்டரும் இருந்தாராம், பிறகு சொன்னார்கள்.

நான் காலை இழுக்கவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். மீதி இருந்த நாற்பத்து நான்கையும் எண்ணி முடித்தேன்.

திரை விழுந்ததும் வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டே ஓடிவந்தார். ‘குடு, நான் தூக்கிக்கிறேன். பய அசையவே இல்லையேடி’ என்றார்.

கொலைகாரி என்று எழுதுங்கள், மேடம், மறுக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம், அவ்வளவு கனத்தை, கை நடுங்காமல் தாங்கியிருந்தேன். பெற்றவளால்தான் அது முடியும். அந்தப் பெண்ணால் முடிந்திருக்காது.